காந்தப் பூட்டு விடும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது

கோவையில் எங்கள் நாடகக் குழு நடிகர்களை வைத்து ஒரு திகில் எஸ்கேப் ரூம் (புதிர்களை விடுவித்து அறையிலிருந்து வெளியேறும் விளையாட்டு) போடுகிறோம். வரும் சனிக்கிழமை முதல் ஆட்டம். பூஜை அறையில் சரியான விளக்கை மாடத்தில் வைத்தால் காந்தப் பூட்டு விட வேண்டும், அழுகுரல் ஒலிக்க வேண்டும், அது முடிந்ததும் பாட்டியாக நடிப்பவர் உள்ளே வர வேண்டும். ஆனால் பூட்டு விடும் நொடியில் பல தடவை இதையெல்லாம் இயக்கும் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகி, குரல் வருவதே இல்லை. பாட்டி பாவம், இருட்டில் காத்துக்கொண்டு நிற்கிறார்.

ஆர்டுயினோ நேனோ போர்டு, விளக்கை அடையாளம் காண ஆர்சி522 ரீடர், குரலை ஒலிக்க டிஎஃப்பிளேயர் மினி, பூட்டின் மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்ய இரண்டு சேனல் ரிலே, 280 கிலோ இழுவை தாங்கும் 12 வோல்ட் பூட்டு. மேசையில் வைத்து ஓட்டியபோது ஒழுங்காகத்தான் இருந்தது. போன வாரம் கதவில் மாட்டியதிலிருந்து இந்தத் தொல்லை. மின்சாரம் நிற்கும்போது பூட்டின் சுருளில் எழும் மின்னழுத்தத் துள்ளலை அடக்க, பூட்டின் முனைகளில் 1என்4007 டையோடு போட்டாயிற்று. 5 வோல்ட்டுக்குத் தனி அடாப்டரும் கொடுத்தாயிற்று. பூட்டுக்குப் பதில் 12 வோல்ட் பல்பு மாட்டினால் ரீசெட்டே இல்லை. அவசர பட்டன் பூட்டின் மின்சாரத்தை நேராக வெட்டிவிடும், அதில் சிக்கல் இல்லை.

ரிலேயின் ஜேடி-விசிசி ஜம்பரை (ரிலேயின் சுருளுக்கும் போர்டின் 5 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் கொடுக்கும் சிறு இணைப்பு) எடுத்துவிட்டு, சுருளுக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து கிரவுண்டையும் பிரித்தால் இது நிற்குமா?