சான் இக்னாசியோ காயலில் சாம்பல் திமிங்கிலம்: பிப்ரவரியா, மார்ச்சா?

கேள்வி:
மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவுக்குப் போகிறோம். சான் இக்னாசியோவில் பாங்கா (சிறிய திறந்த மோட்டார் படகு) ஏற எந்த மாதம் நல்லது? திமிங்கிலம் கிட்டே வந்தால் மோட்டாரை அணைத்துவிடச் சொல்லலாமா? 100-400 மி.மீ. கேமரா லென்ஸ் போதுமா?

பதில் 1:
எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிப்ரவரி நடுவில் திமிங்கிலங்கள் அதிகம், இணைசேரும் ஆண்களையும் பார்க்கலாம். பிறகு ஆண்களும் குட்டியில்லாத பெண்களும் வடக்கே கிளம்பிவிடும். மார்ச்சில் பெரும்பாலும் தாயும் குட்டியும்தான் இருக்கும், படகைத் தேடி வருவதும் அவைதான். என் ஓட்டு மார்ச்சுக்கே. காலைப் படகில் ஏறுங்கள். மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் வெள்ளலைகளுக்கு நடுவே மூச்சுப் பீய்ச்சலைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பதில் 2:
மோட்டாரை அணைக்கச் சொல்லாதீர்கள். நியூட்ரலில் மெல்ல ஓடட்டும். படகு எங்கே நிற்கிறது என்று திமிங்கிலத்துக்கு அந்தச் சத்தம்தான் சொல்லும். ஓசையே இல்லாத படகின் அடியில் அது தெரியாமல் எழும்பி இடிக்கலாம். அது பக்கத்தில் இருக்கும்வரை கியர் போடவே கூடாது, புரொப்பல்லர் குட்டியின் தோலைக் கிழித்துவிடும்.

நெருங்கும்போது பக்கவாட்டில், சற்றுப் பின்னாலிருந்து, அதன் வேகத்துக்கே போக வேண்டும். எதிரே போய் மறிப்பதும், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நுழைவதும் தவறு. அது மூழ்கிவிட்டால் துரத்தாமல் நில்லுங்கள். வால் வீசிய இடத்தில் நீர் எண்ணெய் பூசியதுபோல் வழவழவென்று வட்டமாகத் தெரியும்; அந்த வட்டங்கள் போகும் திசையைப் பாருங்கள், பொதுவாக 3 முதல் 5 நிமிடத்தில் மேலே வரும். வர விருப்பமிருந்தால் அதுவே வரும்.

திமிங்கிலம் பார்க்கும் பகுதியில் ஒரே நேரத்தில் 16 படகுகள்தான், படகுக்கு 90 நிமிடம். நீரில் இறங்கத் தடை.

பதில் 3:
கைக்கெட்டும் தூரத்தில் 100-400 பயன்படாது, தோல் மட்டும்தான் படத்தில் விழும். 24-105 போன்றது மாட்டுங்கள். படகில் லென்ஸ் மாற்ற வேண்டாம். மூச்சுத் துளையிலிருந்து தெறிக்கும் உப்பை நன்னீரில் நனைத்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். உலர்துணியால் தேய்த்தால் உப்புப் படிகம் லென்ஸின் பூச்சைக் கீறலாம்.

தொட வாய்த்தால் கண், மூச்சுத் துளை, வால் மூன்றையும் விட்டுவிடுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். தோலில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகள் (ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) கூர்மையானவை, கை கிழியும். முக்கியமாக, குட்டி ஒரு பக்கம் தலை நீட்டியதும் எல்லோரும் அங்கே பாயாதீர்கள், படகு சாயும். பாதிப் பேர் உட்கார்ந்தே இருக்கட்டும். பெரும்பாலும் குட்டி படகின் அடியில் புகுந்து அந்தப் பக்கமும் வரும்.