நைட் டூட்டி முடிஞ்சா இடுப்பு நிமிரல: குளிரா, வேலையா?

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ், கோத்தகிரி பக்கம்)
வயசு 41. சின்ன ஆஸ்பத்திரி ஒண்ணுல 16 வருஷமா வேலை. எட்டு மாசமா இடுப்பு வலி. ராத்திரியில வார்டுக்கு நானும் ஆயாம்மாவும்தான். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருத்தரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும். ஆயாம்மா கீழே போயிருந்தா நானே இழுத்துப் போட்டுடுவேன். காலையில கட்டபெட்டுல பஸ்ஸை விட்டு இறங்குறப்போ கம்பியைப் பிடிச்சுட்டு ஒரு நிமிஷம் நிக்கணும். ஷூ லேஸைப் பையன்தான் அவிழ்த்து விடறான்.

மாமியார் "பனிக்குளிர்தான், தைலம் தேய்"ங்கறாங்க. வீடே யூகலிப்டஸ் தோப்பா மணக்குது, வலி போகல. எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. எம்.ஆர்.ஐ. எடுக்கக் கோயம்புத்தூர் இறங்கணுமா? பெல்ட் வாங்கலாமா?

பதில் 1 (பிசியோ, குன்னூர்)
சிஸ்டர், கால் பலம் குறையுதா? தொடை இடுக்கு மரத்துப்போகுதா? ஒண்ணுக்குப் போக முடியாம அடைக்குதா? ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. இல்லேன்னா ஸ்கேனுக்கு அவசரமில்ல. உங்க வயசுல வலியே இல்லாதவங்க ஸ்கேன்லயும் டிஸ்க் தேய்மானம் தெரியும், அதைப் பார்த்து பயம்தான் கூடும். பெல்ட் வலியைத் தடுக்கும்ங்கறதுக்கு நல்ல ஆதாரம் இல்ல. படுத்தே கிடக்காதீங்க, நடங்க.

குளிர்ல இறுக்கம் கூடலாம், ஆனா சுமைதான் முக்கியம். நோயாளியைக் கையால தூக்க, நல்ல வாகா நின்னாலே 16 கிலோதான் உச்சம்னு அமெரிக்காவுல 2007ல சொன்னாங்க. 60 கிலோ ஆளோட ஒரு கால் மட்டுமே 10 கிலோ பக்கம் வரும். அது சரி, கட்டில் எவ்வளவு உயரம்?

பதில் 2 (நர்ஸ், கொடைக்கானல்)
அக்கா, தனியா இழுக்கறதை முதல்ல விடுங்க. நோயாளியைத் தலைமாட்டுப் பக்கம் மேலே நகர்த்தறப்போ நாங்க ட்ரா ஷீட்டுக்கு (அவருக்கு அடியில குறுக்கா விரிக்கிற துணி) அடியில புது வேஸ்ட் கவரைப் பிரிச்சு விரிச்சுடுவோம், வழுக்கிட்டு வரும். அப்பவும் ரெண்டு பேர் வேணும். (மலையில பிளாஸ்டிக் தடைன்னு சண்டைக்கு வராதீங்க!) முடிஞ்ச உடனே உருவிடணும், இல்லேன்னா வேர்த்துப் புண்ணாகும்.

கேட்டவர்
பிசியோ சார், மரத்துப்போறது எதுவும் இல்ல. கட்டில் உயரத்தைப் பத்தி இத்தனை வருஷத்துல யாரும் என்னைக் கேட்டதில்ல. போய்ப் பார்த்தேன், என் முட்டிக்குச் சரியா இருக்கு! கால்மாட்டுல சுத்தற கைப்பிடி மூணு. உயரம் ஏத்தறது துருப்பிடிச்சு இறுகிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் கிரீஸ் போட்டு அசைச்சு அசைச்சு விடுவிச்சார். இடுப்பு உயரத்துக்கு ஏத்துறப்போ பெரியவர், "மாடிக்கா கூட்டிட்டுப் போறே?"ன்னு கேட்டார்.

வலி அப்படியேதான் இருக்கு. எட்டு மாசத்து வலி மூணு ராத்திரியில போகுமா? ராத்திரிக்கு இன்னொரு ஆள் கேட்டேன், "பார்க்கலாம்"னாங்க. கொடைக்கானல் சிஸ்டர், அந்தக் கவர் எந்த சைஸ்?