நடுவில் கறுப்பு உள்ள வெள்ளைப் பூ: மாலையில் பார்த்தால் சுருங்கிக் கிடக்கிறது, விதையும் பிடிக்கவில்லை

ரோத்தான்வாசி
மலேசியாவில், சிலாங்கூர்க் கடலோரப் புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலையோரம் வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஐந்து இதழ், இலை ஓரம் ரம்பப் பல். இளம் நுனிகளைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டடி மண் நிரப்பிய பாலிபேக்கில் வைத்தேன். பாதி அழுகிவிட்டது. பிழைத்ததை முன்கூரைக்குக் கீழே வைத்திருக்கிறேன். மொட்டு வருகிறது, ஆனால் வேலை முடிந்து வந்து பார்த்தால் எல்லாம் சுருங்கியிருக்கிறது. என்ன செடி? என்ன நோய்?

பச்சைவேலி
பத்துமணிப் பூவாக இருக்கும். தண்ணீரைக் குறையுங்கள்.

மூன்றாம்கட்டை
பத்துமணிப் பூவின் தண்டும் இலையும் சதைப்பற்றாக இருக்கும், இலையில் பல் இருக்காது. இது டர்னெரா சபுலாட்டா, மலாய்க்காரர்கள் புங்கா புக்கூல் லாப்பான், அதாவது எட்டுமணிப் பூ என்பார்கள். உறுதி செய்ய, இலையைத் திருப்பி, காம்பும் இலையும் சேரும் இடத்தைப் பாருங்கள். கிண்ணம்போல் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும், எறும்பு அங்கேயே மொய்க்கும். பூவும் இலைக்காம்பின் மேலிருந்தே கிளம்பியதுபோல் தெரியும். முழுப் பூவும் மஞ்சளாக இருந்தால் அது இதன் உறவான டர்னெரா உல்மிஃபோலியா.

நோய் எதுவும் இல்லை அண்ணே. காலையில் விரிந்து நண்பகல் வாக்கில் மூடிக்கொள்ளும், ஒரு பூவுக்கு ஒரு நாள்தான். லீவு நாளில் ஒன்பது மணிக்குப் பாருங்கள். கூரைக்குக் கீழே பூ குறையும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

அழுகியதற்கு இரண்டு காரணம்: இளம் நுனி, கடலோரக் களிமண். பென்சில் கனத்தில் பாதி முற்றிய தண்டை 15 செ.மீ. நறுக்குங்கள். மேலே இரண்டு இலை போதும், மொட்டைக் கிள்ளிவிடுங்கள். மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி. இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். வேர் பிடிக்கும்வரை நிழல், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு வெயில். யூரியா போட்டால் இலைதான் கொழிக்கும். நீல உரம் (தழை, மணி, சாம்பல் சத்து 12:12:17), ஒரு தேக்கரண்டி, மாதம் ஒரு முறை, தண்டைத் தொடாமல்.

ரோத்தான்வாசி
நன்றி அண்ணே. விதை?

லயத்துத்தோட்டம்
எல்லாக் கொம்பும் ஒரே செடியிலிருந்து எடுத்ததா? அப்படியென்றால் விதை பிடிக்காது. இதில் இரண்டு வகைச் செடி உண்டு. ஒன்றில் தூரிகைபோன்ற மூன்று சூல்முடிகள் மகரந்தப்பைகளுக்கு மேலே நிற்கும், மற்றதில் கீழே அடங்கியிருக்கும். வகை மாறி மகரந்தம் விழுந்தால்தான் காய். அடுத்த முறை பூவின் நடுவைப் பார்த்து, இரண்டிலும் கொம்பு கேளுங்கள். காய் மூன்றாக வெடிக்கும். விதையோடு ஒட்டிய வெள்ளைச் சதைக்காக எறும்பு தூக்கிப் போய்விடும், அதனால் வெடிக்குமுன் மெல்லிய துணி கட்டுங்கள்.

மூன்றாம்கட்டை
ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்தில் இதை அழகுக்காக நடவில்லை. செம்பனை ஓலையை அரிக்கும், பை கட்டி அதற்குள் வாழும் புழு ஒன்று உண்டு: உலாட் புங்குஸ், அதாவது மெட்டிசா பிளானா. அந்தப் புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளுக்கு இந்தத் தேன்தான் தீனி. ஆகவே பூச்சிமருந்து அடிக்காதீர்கள். முள் புழு இலையைத் தின்றால் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். செடி அரை மீட்டர் தாண்டி அடி மொட்டையானால் 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள், புதுக் கிளைகளில்தான் பூ நெருக்கமாக வரும்.