தோட்டத்து ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றலாமா?

மஸ்கெலியா மைந்தன்:
தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது என் சித்தியைப் பாம்பு கடித்துவிட்டது. பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். சற்று நேரத்தில் நெற்றியிலிருந்து கழுத்துவரை தடிப்புத் தடிப்பாக எழும்பி, மூச்சு இழுத்து, பிறஷர் விழுந்துவிட்டது. பிழைத்தது தெய்வச் செயல். இந்த மருந்தைச் சிறிய ஆஸ்பத்திரிகள் தொடவே கூடாது. நுவரெலியாவிலோ பேராதனையிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே அனுப்பட்டும். அங்கும் முதலில் தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்க்க வேண்டும்.

பதுளைத் தாதி:
தம்பி, சித்தி பிழைத்தது பெரிய ஆறுதல். ஆனால் நீங்கள் கேட்பது அடுத்தவர் உயிருக்கு ஆபத்து. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து இது; பலருடைய உடல் அதை எதிர்க்கத்தான் செய்யும். இலங்கையில் 1007 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் 752 பேருக்கு ஒவ்வாமை வந்தது. பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள். யாருக்கு வரும் என்று சோதனை ஊசி சொல்லாது. உலக சுகாதார நிறுவனமும் அதை வேண்டாம் என்கிறது.

மஸ்கெலியா மைந்தன்:
அக்கா, நான்கில் மூன்று பேருக்கு வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள். இரவில் டாக்டரே இல்லாத இடத்தில் அதை யார் சமாளிப்பது? தோட்டத்து மக்கள் என்றால் எதையும் செய்து பார்க்கலாமா?

பதுளைத் தாதி:
கோபம் நியாயமானது. அதைத் திருப்ப வேண்டிய இடம் வேறு. அதே ஆய்வில், மருந்து ஏற்றுவதற்கு முன் கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினை 0.25 மில்லிகிராம் தோலுக்கடியில் போட்டவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தது. வழக்கமாகப் போடும் ஒவ்வாமை மருந்துகளான ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெத்தசினும் தடுக்கவில்லை. மீறி வந்தால் விஷமுறிவு மருந்து ஏற்றுவதை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் போட்டு, ஆள் தேறியதும் மருந்தைத் தொடர வேண்டும். அட்ரினலின் விலை உயர்ந்த மருந்தும் அல்ல. எல்லாத் தோட்ட ஆஸ்பத்திரியிலும் அது இருக்க வேண்டும், போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கண்ணாடி விரியன் கடித்து இரத்தம் உறையாமல் போன ஒருவரை, விஷமுறிவு மருந்தே கொடுக்காமல் இந்த வளைவுப் பாதைகளில் அனுப்பச் சொல்லாதீர்கள்.

ஹப்புத்தளை வாத்தியார்:
எந்தப் பாம்பு என்று இருவருமே கேட்கவில்லையே! நம் நாட்டுக்கு இந்த மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்குத்தான் அது. தேயிலைச் செடிக்கடியில் அதிகம் கடிப்பது சிங்களத்தில் குனகட்டுவா என்கிற சிறிய விரியனும், பச்சை விரியனும். இரண்டுக்கும் இந்த மருந்து உதவாது. ஏற்றினால் ஒவ்வாமைதான் மிச்சம். அதற்காகக் குனகட்டுவா கடியை லேசாக எண்ணி வீட்டில் இருந்துவிடவும் கூடாது; சிறுநீரகத்தைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு.

மஸ்கெலியா மைந்தன்:
சித்தியைக் கடித்தது பழுப்பு நிறம், ஒன்றரைச் சாண் நீளம், மூக்கு நுனி மேல்நோக்கி இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் விசாரிக்கவில்லை. அப்படியானால் அவர் பட்ட பாடு முழுவதும் வீணா?

பதுளைத் தாதி:
இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி. ஆனால் குனகட்டுவாவைக் கண்ணாடி விரியன் குட்டி என்று எண்ணி மருந்து ஏற்றுவது நடக்கிறது. சந்தேகம் என்றால் சிறிது இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. ஆனால் குனகட்டுவாவும் சில நேரம் அப்படிச் செய்யும். அதனால்தான் பாம்பை எட்ட நின்று போனில் படம் எடுத்து வருவது பெரிய உதவி. அடிக்கவோ பிடிக்கவோ போக வேண்டாம்.

மஸ்கெலியா மைந்தன்:
சரி, சோதனை ஊசியை விட்டுவிடுகிறேன். அட்ரினலினும் டாக்டரும் இருக்கும் இடத்தில் ஏற்றட்டும். இல்லாத இடத்தில் கூடாது என்பதில் மாற்றமில்லை.

பதுளைத் தாதி:
இல்லாத இடத்தில் நானும் ஏற்றச் சொல்லமாட்டேன். 1990 ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து, மருந்தும் டாக்டரும் இருக்கும் மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது பேராதனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.