பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கட்டட வேலையைச் செய்து பார்த்தே புரியவைக்க என்ன புராஜெக்ட் கொடுக்கலாம்?

வில்லிவாக்கம் சைட்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் எஞ்சினியர். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் இருபது பேருக்குச் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார், அரையாண்டுத் தேர்வு வரைக்கும். நாங்கள் நாலு பேர். நான், ஒரு ஆர்க்கிடெக்ட் நண்பர், ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைனர், எலெக்ட்ரிகல் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவர்.

அமெரிக்காவில் ஏஸ் மென்டார் என்று 1994-ல் தொடங்கிய திட்டம் ஒன்று இருக்கிறது. ஆர்க்கிடெக்ட், கட்டுமானக்காரர், எஞ்சினியர் மூன்று தரப்பும் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கட்டடத்தை முதலிலிருந்து கடைசிவரை யோசிக்க வைப்பார்கள். அதை இங்கே நம் கைக்கு எட்டின அளவில் செய்யலாம் என்பதுதான் எண்ணம்.

பிபிடி போட்டால் கடைசி பெஞ்ச் தூங்குகிறது. ஐஸ் குச்சியில் பாலம் கட்டச் சொன்னால் ஒரே ஆர்ப்பாட்டம், வாளியைத் தொங்கவிட்டு மணலைக் கொட்டிக் கொட்டி உடைத்தார்கள். ஏன் உடைந்தது என்று கேட்டதற்கு ஒரு பையன் "பெவிகால் சரியாக் காயல சார்" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. விளையாட்டோடு நின்றுவிடாமல் துறையைப் பற்றி ஏதாவது மனதில் நிற்கிற மாதிரி என்ன கொடுக்கலாம்? எங்கள் சைட்டுக்குக் கூட்டிப்போகலாமா? செலவு எங்கள் கைக்காசு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தரமணி ஆர்க்கி:

பாலத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். முதலில் டேப்பைக் கையில் கொடுத்து அவர்கள் உட்காரும் வகுப்பறையையே அளக்க விடுங்கள். மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் நுனியைப் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. நடுநடுவே ஆளை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வாய் உள்ளவனே டேப்பைப் படித்துக்கொண்டிருப்பான், பெண் பிள்ளைகள் கடைசிவரை நோட்டும் கையுமாக நிற்பார்கள். நாலு சுவரையும் அளந்ததும் முடிந்தது மேடம் என்று வருவார்கள். அப்போது மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். பழைய கட்டடம் என்றால் இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம். நீ தப்பாகப் பிடித்தாய், நீ தப்பாகப் படித்தாய் என்று சண்டை நடக்கும், திரும்ப அளப்பார்கள், திரும்பவும் அதே வித்தியாசம் வரும். அறையே மூலைமட்டத்தில் (செங்கோணத்தில்) இல்லை என்று அவர்களாகக் கண்டுபிடிக்கிற அந்த இடத்துக்கு எந்தப் பிபிடியும் ஈடாகாது. அப்புறம் அதை 1:50-ல், அதாவது நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்காக, சார்ட் பேப்பரில் வரையட்டும்.

அளந்து முடித்த பிறகு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நிஜமாக இருக்கும் ஒரு குறையை எடுங்கள். பெரிய ஆடிட்டோரியம், ஸ்டேடியம் எல்லாம் வேண்டவே வேண்டாம், கூகுளில் பார்த்த படத்தை வரைந்து வைத்துவிடுவார்கள். சத்துணவு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடம் பெரும்பாலான பள்ளிகளில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பைப், சுற்றிச் சேறு, ஆறாம் வகுப்புக் குழந்தையும் பிளஸ் டூ பையனும் அதே உயரத்துக் குழாயில். அதை எடுத்துக்கொண்டால் சத்துணவு அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும், மணி அடித்ததும் எத்தனை பேர் ஒரே நேரத்தில் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும், சின்னப் பிள்ளையின் முழங்கை உயரம் அளக்க வேண்டும், தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட், சிவில், பிளம்பிங் மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. எலெக்ட்ரிகல்காரருக்குப் போர்வெல் மோட்டார் இருக்கிறது.

இன்னொன்று, மைதானத்தில் ஒரு கம்பை நேராக நட்டு 12 மணி வாக்கில் அதன் நிழலை வாராவாரம் சுண்ணாம்பில் குறிக்கச் சொல்லுங்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கம் நிற்கிறது. ஜூலையில் தெற்கே விழும் நிழல் செப்டம்பரில் வடக்கே விழுவதைப் பார்த்துவிட்டால் வடக்கு ஜன்னலுக்கும் ஏன் சன்ஷேடு வேண்டும் என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். வடக்கில் வெயிலே வராது என்று வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசும் ஆர்க்கிடெக்டுகளே இருக்கிறார்கள்!

கடைசியாக, நாலு பேரும் எல்லா வாரமும் வருவீர்களா? பிள்ளைகள் வராமல் போவதில்லை, கான்கிரீட் போடுகிற நாள் என்று நாம்தான் போகமாட்டோம். ஐந்து பிள்ளைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு கடைசிவரை அதே ஆளே இருங்கள்.

ஓய்வுபெற்ற பொ.ப.து:

தம்பி, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் சொல்கிறேன், அந்தப் பெவிகால் பையன் சொன்னதில் தப்பில்லையே. ஐஸ் குச்சிப் பாலங்கள் பெரும்பாலும் இணைப்பில்தான் பிரியும். நிஜ இரும்புப் பாலத்திலும் இணைப்புத்தான் எஞ்சினியரின் கவலை. அவனைக் கூப்பிட்டு உடைந்த பாலத்தை மேஜைமேல் வைத்து எந்தக் குச்சி முறிந்திருக்கிறது, எது முறியாமல் ஒட்டு மட்டும் விட்டிருக்கிறது என்று பிரிக்கச் சொல்லியிருந்தால் அன்றைய பாடம் அதுதான். இப்போதும் செய்யலாம், உடைந்த குச்சிகளைப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு சோதனை, செலவே இல்லை. சமையலறை எடை மெஷின் ஒன்று, 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று. ஸ்கேலை மெஷின்மேல் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து மெதுவாக அழுத்தினால், வாங்கின ஸ்கேலைப் பொறுத்து, அரை கிலோ காட்டும்போதே வில்லாக வளைந்துவிடும். இப்போது இன்னொரு பையன் ஸ்கேலின் நடுவில் இரண்டு பக்கமும் விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், பலமாகப் பிடிக்க வேண்டாம், தொட்டுக்கொண்டால் போதும். திரும்ப அழுத்தினால் ஏறத்தாழ நாலு மடங்கு தாங்கும். நீளம் பாதியானால் தாங்கும் சுமை நாலு மடங்கு, ஆய்லர் சூத்திரம் அவ்வளவுதான். சாரத்தில் குறுக்குக் கம்பு ஏன் கட்டுகிறார்கள், கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் முட்டுக்கு நடுவில் ஏன் கட்டு போடுகிறார்கள் என்று பிறகு ரோட்டில் போகும்போது அவர்களே பார்ப்பார்கள்.

முடிந்தால் கான்கிரீட் கியூப், அதாவது பலம் சோதிக்கும் சதுரக் கட்டி, போடுங்கள். 150 மி.மீ. அச்சு உங்கள் சைட்டிலேயே இருக்கும். எம் 20 தரம் என்று நாம் வழக்கமாகப் போடும் 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் மூன்று கியூப், அதே கலவையில் மேஸ்திரி ஆசைப்படுகிற மாதிரி தண்ணீரைத் தாராளமாக ஊற்றி மூன்று கியூப், வேறு வேறு மார்க்கரில் பேர் எழுதித் தொட்டியில் போடுங்கள். 28 நாள் கழித்து ஏதாவது லேபில் நசுக்கிப் பார்க்க வேண்டும். எட்டு கிலோ எடையுள்ள அந்தக் கட்டி 45 டன் தாங்கினால்தான் எம் 20. 45 டன் என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், மெஷினைக் காட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றின கியூப் முதலில் போய்விடும். 2014 ஜூன் 28 அன்று சென்னைப் பக்கம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி இடிந்து 61 பேர் செத்தார்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் இந்த வேலையில் தப்புக்கு என்ன விலை என்று பதினாறு வயதில் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. கை கழுவும் தொட்டி யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் அரசுப் பள்ளி வளாகத்தில் எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் நிரந்தரமாக ஒரு கல்லும் வைக்காதீர்கள். நாளைக்கு ஒன்று ஆனால் தலைமையாசிரியைதான் பதில் சொல்ல வேண்டும்.

தூக்குக்குண்டு:

எங்க அப்பா கொத்தனார், நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு அம்பத்தூர் பக்கம் சின்னச் சின்ன வீடுகள் எடுத்துச் செய்கிறேன். எல்லாரும் எஞ்சினியர் பற்றியே பேசுகிறீர்கள், ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கற்றுத்தரச் சொல்லுங்கள் சார். ஆனால் ஒரு நாள் கூலியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். எங்க அப்பாவை ஒரு காலேஜில் ஒர்க்‌ஷாப் என்று கூப்பிட்டு நாள் முழுக்கச் செங்கல் வைக்கச் சொல்லி, சாயங்காலம் சால்வை போட்டு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

அவர் வந்தால் மூன்றே விஷயம் போதும். கயிற்றில் 3, 4, 5 அடி முடிச்சுப் போட்டு மூலைமட்டம் எடுப்பது, டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பது, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் செங்குத்தா என்று பார்ப்பது. பிதாகரஸ் தேற்றத்தைப் பரீட்சையில் எழுதின பிள்ளைகளுக்கு அந்த 3-4-5 முடிச்சைப் பார்த்தால் ஒரு கணம் முகம் மாறும். டியூப்பில் காற்றுக் குமிழ் நின்றால் மட்டம் பொய்யாகிவிடும், அதை வேண்டுமென்றே ஒரு தடவை விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சுவர் கட்டிப் பார்க்க சிமென்ட் வேண்டாம், கையில் பட்டால் தோலை அரித்துவிடும், பிள்ளைகள் சொன்னாலும் கிளவுஸ் போடாது. களிமண் கலவையில் மூன்றடி நீளத்துக்கு 9 இன்ச் சுவர் சாதாரணக் கட்டில் ஒன்று, பக்கத்திலேயே அதே அளவில் எலிப்பொறிக் கட்டில் ஒன்று. அதுதான் செங்கலைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது, கேரளாவில் லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் நிறையக் கட்டினார். இரண்டிலும் எத்தனை செங்கல் ஆனது என்று எண்ணச் சொல்லுங்கள், கால்வாசி மிச்சமாகும். ஒரு செங்கல் என்ன விலை என்று கேட்டுப் பெருக்கிப் பார்த்தால் எஸ்டிமேட் பாடம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. முடிந்ததும் பிரித்துக் கழுவி அடுக்கினால் அடுத்த வருஷத்துக்கும் அதே செங்கல், அனுமதிப் பிரச்சினையும் இல்லை.

சைட்டுக்குக் கூட்டிப்போனால் பார்க்க மட்டும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவே 18 வயதுக்கு மேல்தான், இவர்கள் ஒரு பாண்டு ஜல்லிகூடத் தூக்கக் கூடாது. ஸ்லாப் போடும் நாளில் கூட்டிப்போகாதீர்கள், அன்றைக்கு யாருக்கும் யாரையும் கவனிக்க நேரம் இருக்காது. கம்பி கட்டி முடிந்து கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள்தான் சரியான நாள், கம்பிக்கு அடியில் இடைவெளிக்கு வைக்கும் கவர் பிளாக் வரைக்கும் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அந்த இருபது பேரில் சில பேருடைய அப்பா சென்ட்ரிங்கோ பெயின்டிங்கோதான் செய்துகொண்டிருப்பார், கேட்டால் பிரைவேட் வேலை என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொத்தனார் வகுப்பில் வாத்தியாராக நின்றால் அவர்கள் வாய் திறக்கிறார்களா இல்லையா என்று பாருங்கள்.

அஞ்சாம் வருஷம் பி.ஆர்க்:

தரமணி அக்கா சொன்ன டேப் விஷயத்துக்கு ஒரு பெரிய ஆமாம். சைட் விசிட் பற்றி யாரும் சொல்லாத ஒன்று, அங்கே பெண் பிள்ளைகள் போக டாய்லெட் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். நாங்கள் காலேஜில் போன பல சைட்டில் கிடையாது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்போம்.

படிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். பி.ஆர்க் ஐந்து வருஷம், பிளஸ் டூவில் கணக்கு வேண்டும், நாட்டா என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். நாட்டா என்று ஒன்று இருப்பதே பல அரசுப் பள்ளிகளில் தெரியாது, தெரியும்போது தேதி போயிருக்கும், அதனால் பிளஸ் ஒன்னிலேயே சொல்லிவிடுங்கள். சிவில் பி.இ.க்கு இங்கே நுழைவுத்தேர்வு இல்லை, கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து 200-க்குக் கட் ஆஃப். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். அப்படி அரசுப் பள்ளியில் படித்தவர்கள் எதில் சேர்ந்தாலும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற உதவித்தொகை, மாதம் 1000 ரூபாய்.

முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று மட்டும் வைக்காதீர்கள். நன்றாக வரைகிற ஒரு பிள்ளையை வைத்து மொத்தக் குழுவும் ஜெயித்துவிட்டுப் போகும், மற்ற நாலு பேர் கலர் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

வில்லிவாக்கம் சைட்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கை கழுவும் இடத்தையே எடுத்துக்கொள்கிறோம். அளவு, வரைபடம், அட்டையில் 1:20 மாடல், களிமண் சுவர் சாம்பிள், கடைசியில் எஸ்டிமேட். கியூப் அச்சு எங்கள் சைட்டில் இருக்கிறது. கட்டுவதற்கு அனுமதி எங்கே கேட்பது, எஸ்டிமேட்டை யாரிடம் கொடுப்பது என்பதுதான் புரியவில்லை. நாங்களே தலைமையாசிரியையிடம் கொடுத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற பொ.ப.து:

நீங்கள் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் கொடுக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் வரைபடத்தை வைத்துப் பேசட்டும். குழு தீர்மானம் போட்டால் அதை வைத்துத் தலைமையாசிரியை மேலே எழுதலாம், 2022-ல் வந்த நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தில் நன்கொடையாளர் வழியாகவும் கேட்கலாம். எஸ்டிமேட்டில் மொத்தத் தொகையை மட்டும் போட்டால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். மண் வெட்டு எவ்வளவு, செங்கல் கட்டு எத்தனை கன மீட்டர், கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 செங்கல், பூச்சு எத்தனை சதுர மீட்டர், பைப் எத்தனை அடி என்று வரிவரியாக இருக்க வேண்டும். கழிவுத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்கு விடுவதாக இருந்தால் அந்தச் சரிவையும் படத்தில் காட்டச் சொல்லுங்கள், கூட்டத்தில் யாராவது ஒருவர் கொசு வராதா என்று நிச்சயம் கேட்பார்.

தூக்குக்குண்டு:

வில்லிவாக்கம் எனக்குப் பக்கம்தான் சார். டியூப் மட்டமும் கயிறும் நான் கொண்டு வருகிறேன். பழைய செங்கல் ஒரு இடத்தில் இடித்துப் போட்டிருக்கிறார்கள், வண்டி வாடகை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் இறக்கிவிடலாம். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லுங்கள், அப்பாவிடம் கேட்டு வைக்கிறேன்.