ஹம்மிங்பேர்ட் பறக்கிறதை ஒழுங்கா பார்க்கிறது எப்படி?

வேலியோரம்:
வட கரோலினாவுல இருக்கோம். பின்பக்கத் தோட்டத்துல சர்க்கரைத்தண்ணி ஃபீடர் ஒண்ணு மாட்டியிருக்கேன். சிவப்புத்தொண்டை ஹம்மிங்பேர்ட் வருது, ஆனா எனக்குக் கிடைக்கிறது ஒரு விர்ர்ர் சத்தமும் பச்சையா ஒரு கோடும்தான். அதுலயும் ஒரு ஆண் இருக்கான் பாருங்க, மத்த எதையும் கிட்ட அண்டவிடறதில்ல. ரெண்டு வாய் குடிப்பான், யாரையாவது துரத்திக்கிட்டு ஓடிடுவான். தொண்டைச் சிவப்பும் பாதி நேரம் கறுப்பாத்தான் தெரியுது. அந்தரத்துல நிக்கும்போது சிறகு என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்னு ஆசை. தோட்டத்துல எதை மாத்தலாம்? கடையில விக்கிற சிவப்புத் திரவத்தை ஊத்தினா நிறைய வருமா?

கொடிப்பந்தல்:
கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன். சிவப்புத் திரவம் வேண்டவே வேண்டாம். ஃபீடர்ல எங்கயாவது சிவப்பு இருந்தாலே அதுங்க கண்டுபிடிச்சிடும். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு, அவ்வளவுதான். தேன், பழுப்புச் சர்க்கரை, செயற்கை இனிப்பு எதுவும் கூடாது. வெயில் நாள்ல ரெண்டு நாளைக்கு ஒருதரம் கொட்டிட்டு வெந்நீர்ல தேய்ச்சுக் கழுவுங்க. கலங்கலா தெரிஞ்சா நாள் கணக்கு பார்க்காம கொட்டிடுங்க.

இப்ப பார்க்கிற விஷயம். ஃபீடரை விட்டுட்டு அந்த ரவுடி எங்க போய் உட்கார்றான்னு தேடுங்க. இலையில்லாத ஒரு சுள்ளி இருக்கும், அங்கேருந்து ஃபீடர் நேராத் தெரியும். துரத்தி முடிச்சதும் பெரும்பாலும் அதே சுள்ளிக்குத்தான் திரும்பி வருவான். இந்தப் பறவைங்க பகல்ல பெரும்பாலான நேரம் உட்கார்ந்துதான் இருக்கும், நாமதான் கவனிக்கறதில்ல. பைனாகுலரை அந்தச் சுள்ளியில நிறுத்தி வெச்சுக்கிட்டா கிளம்பறது, திரும்பறது, நடுவுல சின்னக் கொசுவைப் பறந்தே பிடிக்கறது எல்லாம் கிடைக்கும். ஆமா, பூச்சியும் தின்னும். வெறும் இனிப்புத் தண்ணியில குஞ்சு வளர்க்க முடியுமா?

தொண்டைக்கு வருவோம். அந்தச் சிவப்பு சாயம் இல்ல. இறகோட நுண் அமைப்புல ஒளி பட்டுத் திரும்பற கோணத்துலதான் அது தெரியும். சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும். காலையில உட்கார்றீங்கன்னா ஃபீடர் உங்களுக்கு மேற்கே இருக்கற மாதிரி நாற்காலியைப் போடுங்க.

சிறகு நொடிக்கு 50 தடவை போல அடிக்குது, வெறுங்கண்ணுக்கு அது புகைதான். ஃபோன்ல ஸ்லோ மோஷன் நொடிக்கு 240 ஃபிரேம் வெச்சுப் பிடிங்க, ஒரு அடிக்கு நாலஞ்சு படம் தேறும். தோள்லேருந்து சிறகு திரும்பி, படுக்க வெச்ச எட்டு மாதிரி போயிட்டு வர்றது அதுல பிடிபடும். மேல போகும்போது சிறகோட அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கும். மத்த பறவைங்களுக்கு மேல்வீச்சு பெரும்பாலும் வெட்டி. இதுக்கு அப்படியில்ல. ரூஃபஸ்னு இன்னொரு ஹம்மிங்பேர்ட் வகையை நுண்ணிய எண்ணெய்த் துளி மிதக்கற காத்துல பறக்கவிட்டு, லேசர் அடிச்சு அளந்து ஆராய்ச்சிக்காரங்க 2005-ல எழுதினாங்க: எடையில முக்கால் பங்கைக் கீழ்வீச்சு தாங்குது, கால் பங்கை மேல்வீச்சு தாங்குது. மொத்த உடம்பே 3 கிராம் சுமார்தான்.

கேமராவே இல்லாம ரசிக்கணும்னா காத்தடிக்கற நாள்ல தலையை மட்டும் பாருங்க. உடம்பு ஆடும், வால் விரிஞ்சு சுருங்கும், அலகு நுனி பூவை விட்டு நகராது. பூவிலேருந்து பின்பக்கமாப் பறந்து வெளிய வரும்போது உடம்பு நிமிர்ந்துக்கும். எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்!

நிழற்பெட்டி:
ஃபீடர்ல உட்கார்ற கம்பி இருக்கா? கழட்டிடுங்க. உட்கார இடமில்லன்னா அந்தரத்துல நின்னுதான் குடிக்கணும், ஜோரா பார்க்கலாம். ஃபோட்டோவில சிறகு உறையணும்னா ஷட்டர் வேகம் 1/4000 நொடி, நல்ல வெயில்.

கொடிப்பந்தல்:
கம்பி விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். சாப்பிடற இடத்துல உட்கார்ந்தே சாப்பிடட்டும். அந்தரத்துல நிக்கறதைப் பார்க்கப் பூ வைங்க. பவழ ஹனிசக்கிள் கொடி, கார்டினல் பூ, பீ பாம் எல்லாம் அந்தப் பக்கத்து மண்ணுக்கே உரியது. ஒவ்வொரு பூவா நின்னு நின்னு போகும், உங்களுக்கும் நேரம் கிடைக்கும். ட்ரம்பெட் கொடியும் அதுங்களுக்கு உயிர், ஆனா வேர்லேருந்து முளைச்சு முளைச்சுத் தோட்டத்தையே பிடிச்சுக்கும். பார்த்துக்குங்க.

நிழற்பெட்டி:
பூவுல எந்தப் பூவுக்குப் போகும்னு யார் கண்டது, ஃபோகஸ் பண்றதுக்குள்ள போயிடும். சரி, உங்க இஷ்டம்.

மேற்குக்கரை:
நாங்க கலிஃபோர்னியா. இங்க அன்னா ஹம்மிங்பேர்ட் வருஷம் முழுக்க இருக்கும். ஆண் நேரா மேல ஏறி, கண்ணுக்குப் புள்ளியாகி, அப்படியே தலைகீழாப் பாயும். அடிமட்டத்துல திரும்பும்போது கூர்மையா ஒரு 'சீப்'. தொண்டையில கத்துதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. வால் இறகு காத்துல அதிர்ற சத்தம் அது. உங்க சிவப்புத்தொண்டை ஆணும் பெட்டை முன்னாடி ஊஞ்சல் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு பறக்கும், கவனிங்க. ரவுடிக்கு ஒரே வழி, வீட்டு மூலை திரும்பி ரெண்டாவது ஃபீடர். ஒண்ணுலேருந்து இன்னொண்ணு தெரியக் கூடாது.

வேலியோரம்:
எல்லாருக்கும் நன்றி. கொடிப்பந்தல் அக்கா, சுள்ளியைக் கண்டுபிடிச்சிட்டேன், பக்கத்து வேலியோட செத்த கிளை! இன்னொரு சந்தேகம். ஃபீடர் மேல விரல் நீளத்துக்கு ஒரு கும்பிடுபூச்சி உட்கார்ந்திருக்கு. எறும்பைத் தின்னட்டும்னு விடலாமா?

கொடிப்பந்தல்:
உடனே எடுங்க. எறும்புக்காக உட்காரல அது. பெரிய கும்பிடுபூச்சி ஹம்மிங்பேர்டையே பிடிச்சுத் தின்னும். கொல்ல வேண்டாம், ஒரு குச்சியில ஏத்தித் தூரமா ஏதாவது புதர்ல விட்டுடுங்க. எறும்புக்கு, ஃபீடருக்கு மேல கொக்கியில தண்ணிக் கிண்ணம் மாட்டுங்க, எண்ணெய் தடவாதீங்க, இறகுல ஒட்டிக்கும்.