சங்கிலிக் குண்டு எறிதல்: தகுதிச் சுற்றில் நிதானமாக எறிந்து தப்பிக்க முடியாதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆடவர் சங்கிலிக் குண்டு எறிதலைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நான் எறிந்து பழகியவன் அல்லன், பார்வையாளன் மட்டுமே. ஆகவே அனுபவம் உள்ளவர்கள் என் ஐயத்தைத் தீர்த்து வைக்க வேண்டுகிறேன்.

போலந்தின் பாவெல் ஃபைடெக் 2013, 2015, 2017, 2019, 2022 ஆகிய ஐந்து உலகத் தடகளப் போட்டிகளிலும் தங்கம் வென்றவர். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவருடைய ஓர் எறிதல்கூடக் கணக்கில் சேரவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 72.00 மீட்டருடன் மீண்டும் தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் 83.93 மீட்டர் எறிந்திருந்தார். ரியோவில் தஜிகிஸ்தானின் தில்ஷோத் நசாரோவ் 78.68 மீட்டருக்குத் தங்கம் வாங்கியதைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

எண்பது மீட்டரைப் பலமுறை கடந்த ஒருவர், தகுதிச் சுற்றில் முழு வேகத்தையும் காட்டாமல், ஐந்தாறு மீட்டரை விட்டுக்கொடுத்து, நிதானமாக ஓர் எறிதலை எறிந்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்துவிடக் கூடாதா? நீளம் தாண்டுபவர்கள் பலகைக்குச் சற்று முன்பே காலூன்றித் தாண்டித் தகுதி பெறுவதைப் பார்க்கிறோமே, அதுபோன்ற வழி இந்தப் போட்டியில் ஏன் இல்லை? மேலும், மூன்றே வாய்ப்புகளில் ஒருவரின் நான்கு ஆண்டு உழைப்பை முடித்துவிடுவது சரியான முறைதானா?

முதல் பதில்

நண்பரே, நான் பல ஆண்டுகள் எறிந்தேன், பிறகு சில காலம் இளையோருக்குப் பயிற்சியும் கொடுத்தேன். உங்கள் கேள்வி அந்த இளையோரின் பெற்றோர் பலரும் என்னிடம் கேட்டதுதான். சங்கிலிக் குண்டில் நிதானமாக எறிவது முழு வேகத்தில் எறிவதைவிடக் கடினம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவர்கள் நம்பாமல் பார்த்தார்கள். ஆகவே கணக்கோடு சொல்கிறேன்.

ஆடவர் குண்டின் எடை கம்பியும் கைப்பிடியும் சேர்ந்து 7.26 கிலோ. அது 80 மீட்டர் தொலைவில் விழ வேண்டுமானால், கையை விட்டுப் பிரியும்போது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் வேகம் வேண்டும், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். சுழற்சியின் ஆரம் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் குண்டு எறிபவரை வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 320 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்புக்கு எதிராக அவர் இடுப்பைத் தாழ்த்தி, உடலைப் பின்னால் சாய்த்து, ஒற்றைப் பாதத்தின் குதிகாலிலும் முன்பாதத்திலும் மாறி மாறிச் சுழல்கிறார். குண்டின் இழுப்பும் அவருடைய சாய்வும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்கின்றன, இரண்டில் ஒன்று மாறினாலும் மற்றது தனித்து நிற்காது.

இப்போது நீங்கள் சொல்வதுபோல் வேகத்தைக் குறைப்போம். தொலைவு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், 80 மீட்டரை 72 ஆக்குவதற்கு வேகத்தில் 5 விழுக்காடு குறைந்தாலே போதும். ஆனால் இழுப்பும் அதே விதிப்படியே குறைகிறது, 320 கிலோ 290 கிலோவுக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் பல்லாயிரம் முறை எறிந்து 320 கிலோவுக்குப் பழகிய உடல், எதிரே 30 கிலோ குறைந்திருப்பதை அந்தக் கணத்தில் அறியாது, பழக்கத்தின்படியே சாயும். அந்தச் சாய்வைத் தாங்க இழுப்பு இல்லாதபோது எடை குதிகாலுக்குப் போகிறது, வலக்கால் தாமதமாகத் தரை தொடுகிறது, குண்டு தாழ வேண்டிய இடம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது. முதல் சுழற்சியில் விரற்கடை அளவே இருந்த பிழை, நான்காம் சுழற்சிக்குள் எறிபவரை வட்டத்திற்கு வெளியே தள்ளும் அளவுக்கு வளர்ந்துவிடும். நீளம் தாண்டுபவர் காலூன்றும் இடத்தை மட்டுமே பின்னுக்குத் தள்ளுகிறார், அவருடைய ஓட்டத்தின் தாளம் அப்படியே இருக்கிறது. எங்கள் போட்டியில் அந்தத் தாளத்தையே மாற்றச் சொல்கிறீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. குண்டு விழ வேண்டிய பரப்பு 34.92 பாகை விரிவு கொண்டது. எண்பது மீட்டர் தொலைவில் அதன் அகலம் 48 மீட்டர் என்பதால், தொலைக்காட்சியில் அது பெரிய மைதானம் போலத் தெரியும். கைப்பிடியைப் பிடித்திருப்பவருக்கு அப்படித் தெரிவதில்லை. மேலே சொன்ன வேகத்தில் குண்டு அந்தப் பாகை அளவைக் கடக்க நொடியின் நூறில் நான்கு பங்கு நேரமே ஆகிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவர் அதற்கு முன்பே விட்டுவிட்டால் குண்டு வட்டத்தைச் சூழ்ந்த கூண்டின் வலப்பக்க வலைக்குப் போகிறது, தாமதித்தால் இடப்பக்கம். அந்தக் கணத்தில் யாரும் யோசித்துக் கைவிடுவதில்லை, சுழற்சியின் தாளமே விரல்களைத் திறக்கிறது. எறிபவர் வேண்டுமென்றே தாளத்தைக் கலைத்துவிட்டால், எப்போது விடுவது என்பது அவருடைய விரல்களுக்குத் தெரியாது.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், ஓரளவு உண்டு. தலைக்கு மேல் சுழற்றும் தொடக்க வீச்சுகளையும் முதல் சுழற்சியையும் வழக்கத்தைவிட மெதுவாகத் தொடங்கி, வேகம் கூடிச்செல்லும் விகிதத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுமாறு என் மாணவர்களுக்குச் சொல்வேன். தாளம் காக்கப்படுகிறது, உச்ச வேகம் சிறிதளவு குறைகிறது. நான்கு சுழற்சி எறிபவர் சிலருக்கு, ஒரு சுழற்சியைக் குறைத்து மூன்றில் எறியும் பழக்கத்தையும் ஏற்படுத்தி வைத்தேன். ஆனால் இவை பல மாதங்கள் தனியாகப் பழக வேண்டியவை. இரண்டு முறை தவறிவிட்டு மூன்றாவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில், ‘இனி நிதானமாக எறிவோம்’ என்று முடிவெடுப்பவர் அதுவரை ஒருநாளும் எறியாத ஓர் எறிதலை எறியப் போகிறார். லண்டனிலும் ரியோவிலும் ஃபைடெக்கின் மனத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. அந்த மூன்றாவது வாய்ப்புக்கு முந்தைய நிமிடங்களை மட்டும் நான் நன்றாக அறிவேன். கைகளில் வலிமை இருக்கும், கால்கள் மட்டும் வேறு யாருடையவையோ போலிருக்கும்.

இரண்டாம் பதில்

கள நடுவராகப் பணியாற்றிய அனுபவத்தில் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை சொல்கிறேன்.

உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் எறிபவர்களைப் பெரும்பாலும் இரண்டு பிரிவுகளாகப் பிரித்துத் தகுதிச் சுற்றை நடத்துகிறார்கள். குறித்த தொலைவை எட்டியவர்கள் நேராக நுழைகிறார்கள். அவர்களின் எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் குறைந்தால், அடுத்த சிறந்த தொலைவுகளைக் கொண்டு பன்னிரண்டு பேராக நிரப்புகிறார்கள். தகுதிச் சுற்றின் தொலைவு இறுதிச் சுற்றுக்கு எடுத்துச் செல்லப்படுவதில்லை. இறுதிச் சுற்றிலும் முதலில் மூன்று எறிதல்கள்தான், அதன் முடிவில் முன்னிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே மேலும் வாய்ப்புகள் கிடைக்கும். ஆகவே முதல் மூன்றுக்குள் ஒரு செல்லுபடியாகும் எறிதல் வேண்டும் என்ற கட்டாயம் இரண்டு நாளும் உண்டு.

ஒரு பிரிவில் பதினைந்து பேர் இருந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் வீதம் போனால், அளப்பதற்கும் குண்டைத் திருப்பிக் கொண்டுவருவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, ஓர் எறிதலுக்கும் அடுத்ததற்கும் இடையே கால் மணி நேரத்திற்கு மேல் ஆகிவிடும். உடல் சூடு தணிவதும் மனம் அலைவதும் அந்த இடைவெளியில்தான். எல்லோருக்கும் ஆறு வாய்ப்புகள் கொடுத்தால் தகுதிச் சுற்றே அரை நாள் போட்டியாக நீளும், மறுநாள் எறிய எவர் தோளும் மிஞ்சாது. அந்தக் காரணத்தால், கடுமையானதாக இருந்தாலும் மூன்று என்ற எண்ணிக்கை சரியானது என்பதே என் கருத்து.

விதிகள் பார்வையாளர்கள் நினைக்கும் அளவுக்கு இரக்கமற்றவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சுழலும்போது குண்டு தரையில் உரசினால் அது தவறு ஆகாது. வேறு விதியை மீறாதவரை எறிபவர் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கலாம். எறிந்த பின் கம்பி அறுந்தால், எறிதல் மற்றபடி முறையாக இருந்தால் மாற்று வாய்ப்பு உண்டு. வலக்கையர் எறிந்த குண்டு கூண்டின் இடப்பக்க வலையைத் தொட்டுவிட்டுப் பரப்பிற்குள் விழுந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும். எல்லைக்கோட்டைப் பொறுத்தவரை குண்டு விழுந்த இடத்தையே பார்க்கிறோம், கம்பியோ கைப்பிடியோ கோட்டுக்கு வெளியே கிடப்பதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. குண்டு விழுவதற்கு முன் வட்டத்தை விட்டு வெளியேறுவதும், முன்பாதி வழியாக வெளியேறுவதும்தான் பதற்றத்தில் நடக்கும் தவறுகள். அவற்றுக்கு மன்னிப்பு இல்லை.

கால் விளிம்பைத் தொட்டதா இல்லையா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலையில் மிகக் கடினமானது. 2019 தோஹா உலகப் போட்டியில் ஹங்கேரியின் பென்ஸ் ஹலாஸ் 78.18 மீட்டர் எறிந்து மூன்றாம் இடம் பிடித்தபோது, அவர் கால் வட்டத்திற்கு வெளியே பட்டதாகப் போலந்து அணி முறையிட்டது. இறுதியில் ஹலாஸின் வெண்கலத்தைப் பறிக்காமல், 77.69 மீட்டர் எறிந்த போலந்தின் வொய்சியெக் நொவிட்ஸ்கிக்கும் ஒரு வெண்கலம் வழங்கப்பட்டது. வட்டத்தின் அருகே கொடியுடன் நின்றவன் என்ற முறையில், அந்த முடிவைக் கேட்டபோது அந்த நடுவரின் நிலையை நினைத்து நான் வருந்தினேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வேகத்தைக் குறைப்பதால் இழுப்பும் குறைந்து சமநிலை கெடுகிறது என்ற விளக்கம் எனக்கு முற்றிலும் புதியது. இதுவரை நான் பார்த்த தவறான எறிதல்களையெல்லாம் அளவுக்கு மீறிய வேகத்தின் விளைவு என்றே எண்ணியிருந்தேன். ஒன்று மட்டும் இன்னும் தெளிய வேண்டும். தாளம் இவ்வளவு எளிதில் கலையக்கூடியது என்றால், ஆறு எறிதல்களையும் ஒரே தரத்தில் எறிந்தவர் யாரேனும் உண்டா? அல்லது எல்லா வெற்றிகளும் நல்வாய்ப்பாக அமைந்த ஒற்றை எறிதலின் வெற்றிகள்தானா?

மூன்றாம் பதில்

உண்டு. 1986 ஆகஸ்ட் 30 அன்று ஸ்டுட்கார்ட்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் சோவியத் ஒன்றியத்தின் யூரி செடிக் எறிந்த தொலைவுகள் இவை: 83.94, 85.28, 85.46, 86.74, 86.68, 86.62. நான்காவது எறிதல்தான் இன்றும் நிற்கும் உலக சாதனை. ஆனால் அந்தச் சாதனையைவிட இந்த வரிசையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆறையும் கூட்டி வகுத்தால் சராசரி 85.79 மீட்டர் வருகிறது. அன்று இரண்டாம் இடம் பெற்ற செர்கெய் லித்வினோவின் மிகச் சிறந்த எறிதல் 85.74. அதாவது, செடிக்கின் சராசரியே அவருடைய போட்டியாளரின் உச்சத்தை ஐந்து சென்டிமீட்டர் தாண்டியிருந்தது. இன்றைய ஊக்கமருந்துச் சோதனை முறைகள் அக்காலத்தில் இல்லை என்பதால், அந்தத் தொலைவுகளை இக்கால வீரர்களுக்கு அளவுகோலாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஆனால் அந்த ஒழுங்கைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். லித்வினோவ் நான்கு சுழற்சிகளில் எறிந்தார், செடிக் மூன்றில் எறிந்தார். சுழற்சி ஒன்று குறைந்தால் பிழை வளர்வதற்கான இடமும் ஒன்று குறைகிறது என்று முதல் பதிலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

மற்றபடி, ஒற்றை எறிதலின் வெற்றியை நல்வாய்ப்பு என்று சொல்லிவிடக் கூடாது. 2011 டேகு உலகப் போட்டியில் ஜப்பானின் கோஜி முரோஃபுஷி 81.24 மீட்டருக்குத் தங்கம் வென்றபோது, ஹங்கேரியின் கிறிஸ்டியான் பார்ஸ் 81.18 மீட்டரில் இருந்தார். அந்த ஆறு சென்டிமீட்டரை நினைத்து யாரும் எறிய முடியாது. 2015 பெய்ஜிங்கில் நசாரோவும் நொவிட்ஸ்கியும் இருவருமே 78.55 மீட்டர் எறிந்தார்கள். அப்படிச் சமனாகும்போது இரண்டாவது சிறந்த எறிதலைப் பார்ப்பார்கள், அதில் நசாரோவுக்கு வெள்ளி கிடைத்தது. ஒன்று நன்றாக விழுந்துவிட்டது என்று மற்ற எறிதல்களை அலட்சியமாக எறிந்திருந்தால் அவர் வெண்கலத்தோடு திரும்பியிருப்பார்.

அண்மையில் கனடாவின் ஈத்தன் கட்ஸ்பெர்க்கைப் பாருங்கள். 2023 புடாபெஸ்டில் 21 வயதில் 81.25 மீட்டர் எறிந்து உலகப் பட்டம் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றில் முதல் எறிதலிலேயே 84.12 மீட்டரைத் தொட்டார், மற்றவர்கள் ஒருவரும் 80 மீட்டரைக்கூட எட்டவில்லை. முதல் எறிதலில் தற்காத்துக்கொள்ள நினைக்காமல் தன் முழுத் தாளத்தையும் நம்பி எறிந்தார் என்றே எனக்குப் பட்டது.

முதல் பதில் எழுதியவர்

செடிக்கின் மூன்று சுழற்சி பற்றி ஒரு திருத்தம் சொல்கிறேன். சுழற்சி குறைந்தால் பிழைக்கு இடம் குறைவது உண்மைதான். ஆனால் அதே வேகத்தை மூன்றிலேயே எட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சுழற்சியிலும் குண்டை முடுக்க வேண்டிய அளவு கூடுகிறது. ஆகவே மூன்று சுழற்சி எல்லோருக்கும் பாதுகாப்பான வழி என்று இளையோர் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்டவருக்கு இன்னும் ஒன்று. ஃபைடெக் 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றைத் தாண்டினார். இறுதிச் சுற்றில் 81.53 மீட்டர் எறிந்து, நார்வேயின் ஐவின் ஹென்ரிக்சனுக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் வெண்கலம் பெற்றார். தங்கம் 82.52 மீட்டர் எறிந்த நொவிட்ஸ்கிக்குப் போனது. நேரம் கிடைத்தால் அந்தத் தகுதிச் சுற்றின் ஒளிப்பதிவைத் தேடி, அவருடைய முதல் சுழற்சியை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குண்டு எங்கே தாழ்கிறது, வலக்கால் எப்போது தரை தொடுகிறது என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும்.